ஏழாவது ஜெபக்குறிப்பு

அத்தியாயம் 11

போன ஞாயிற்றுக்கிழமை மூத்தவள் சிரித்த சிரிப்பை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

சபையின் பெண்கள் ஜெபக்குழுவுக்கு அடுத்த மாதத்திலிருந்து யார் பொறுப்பு என்று போதகரம்மா அறிவிக்கப்போகிறார் என்றதும், மடியில் இருந்த கைப்பையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு எழுந்திருக்கத் தயாராக உட்கார்ந்திருந்தாள் மூத்தவள். இருக்காதா பின்னே? பதினொரு வருஷம் நாற்காலி போட்டவள் அவள். கூட்டம் முடிந்ததும் அதே நாற்காலிகளை அடுக்கி வைத்தவள் அவள். யாருக்கு எப்போது பிரசவம், யார் மகனுக்கு எப்போது பரீட்சை என்று நோட்டுப்புத்தகத்தில் எழுதி வைத்து, மறக்காமல் விசாரித்தவளும் அவள்தான். ஆனால் போதகரம்மா கைகாட்டியது அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னவளை. மூத்தவளின் ஓரகத்தி. கொழுந்தனைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டு மாடிக்குக் குடிவந்து மூன்றே வருஷம் ஆனவள்.

அப்போது சிரித்தாளே ஒரு சிரிப்பு! கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள் அல்லவா? திருகாணி தளர்ந்த மூக்குக்கண்ணாடி மாதிரி அந்தச் சிரிப்பு ஒரு பக்கமாகத் தொங்கியது. "ரொம்ப சந்தோஷம்மா" என்று சின்னவளைக் கட்டியும் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்களையெல்லாம் இன்னொரு தடவை கழுவினாள்.

இன்று வெள்ளிக்கிழமை. மாதத்தில் ஒரு நாள் நடக்கும் சங்கிலி ஜெபத்தின் நாள்.

சங்கிலி ஜெபம் என்றால் இதுதான். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை பன்னிரண்டு மணி நேரம், பன்னிரண்டு பெண்கள். ஆளுக்கு ஒரு மணி நேரம், அவரவர் இருக்கும் இடத்திலேயே உபவாசமாக ஜெபிக்க வேண்டும். நேரம் முடிந்ததும் அடுத்தவளுக்கு போன் போட்டு, யார் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்ற குறிப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். கேட்கிறவள் ஒவ்வொன்றையும் வாய்விட்டுத் திருப்பிச் சொல்லி, கடைசியில் ஆமென் சொல்ல வேண்டும். ஜெபிக்கிற அந்த ஒரு மணி நேரமும் போனைத் தொடக் கூடாது. திருப்பிச் சொல்கிற இந்த விதியைக் கொண்டுவந்ததே மூத்தவள்தான். ஒரு குறிப்பும் வழியில் விடுபட்டுப் போகக் கூடாது என்பதில் அவள் அவ்வளவு கண்டிப்பு.

பட்டியல் எழுதுவதும் அவள்தான். இந்த மாதப் பட்டியலில் சின்னவளைச் சேர்க்கவில்லை. "பாவம், அவளுக்கு நிறைய வேலை இருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவ்வளவு கரிசனம்.

முதல் மணி நேரம் மூத்தவளுடையது. ஆறு மணிக்கு முழங்கால் போட்டாள். கண்ணை மூடினாள். மூடினால் யார் வந்து நிற்கிறார்கள்? சின்னவள்தான்.

சின்னவள் ஜெபித்தால் கூட்டத்தில் கைக்குட்டைகள் வெளியே வரும். மூத்தவள் ஜெபித்தால் சிலர் மணி பார்ப்பார்கள். இரண்டும் மூத்தவளுக்குத் தெரியும். அவளுடைய சொந்த மகளே போன வாரம் பரீட்சைக்குப் போகும் முன், அம்மாவிடம் தலையைக் காட்டாமல் தடதடவென்று மாடிக்கு ஓடி, "சித்தி, எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்று நின்றாள். படிக்கட்டுக்குக் கீழே நின்று அதைக் கேட்டபோது மூத்தவளுக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. அது இன்னும் அணையவில்லை.

'அப்படி என்ன பெரிய விசுவாசம் அவளுக்கு? எனக்குத் தெரியாதா?' என்று உள்ளே ஒரு குரல் கேட்டது.

தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும். மூன்று வாரத்துக்கு முன்னால், மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, சின்னவள் கையில் ஈரத் துண்டுடன் அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

"மூணாவது மாசம்கா. தங்கல. அவர்கிட்ட இன்னும் சொல்லல. நேர்ல சொல்லணும்னு வச்சிருந்தேன், சொல்றதுக்கு முன்னாடியே போயிடுச்சு. போன தடவை நாலு நாள் வந்துட்டுப் போனார், அப்பவும் வாய் வரல. இப்பல்லாம் கண்ணை மூடினா வார்த்தை மட்டும் வருது. யார்கிட்ட பேசறேன்னே தெரியல. யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா."

சின்னவளின் கணவன் தொலைவில் ஒரு பாலம் கட்டும் இடத்தில் கிரேன் ஓட்டுகிறான். நாற்பது நாளைக்கு ஒரு முறைதான் வீடு. அன்று மூத்தவள் சின்னவளை மடியில் போட்டுக்கொண்டு தானும் அழுதாள். அந்த அழுகை நிஜம். அதில் சந்தேகமே வேண்டாம். மனுஷ மனசு மூன்று வாரத்தில் எவ்வளவு தூரம் நடந்துவிடும் என்பதுதான் விஷயம்.

ஏழு மணி அடித்தது. மூத்தவள் எழுந்து, பட்டியலில் இரண்டாவதாக இருந்த தையல்காரிக்கு போன் போட்டாள். ஆறு குறிப்புகளைச் சொன்னாள். தையல்காரி ஆறையும் திருப்பிச் சொன்னாள்.

"அவ்வளவுதானே அக்கா? ஆமென் சொல்லிடவா?"

"இரு. இன்னொண்ணு இருக்கு."

அந்த இடத்தில் மூத்தவள் ஒரு நொடி நின்றாள். நின்றது நிஜம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். தாழ்ந்த குரலில் சொன்னால் அது கோள் இல்லை, பாரம் என்று நம் எல்லாருக்கும் ஒரு நினைப்பு உண்டு.

"ஏழாவது. நம்ம குழுவுல ஒரு சகோதரி. பேர் வேண்டாம். வீட்டுக்காரர் வெளியூர்ல. உண்டாகி இருந்தது தங்கல. அதை அவர்கிட்டயே சொல்லாம மறைச்சு வச்சிருக்கா. ஜெபிக்கவும் முடியல, விசுவாசம் ஆடிப்போச்சு. பெரிய பொறுப்பு எதையும் சுமக்கிற நிலைமையில இல்ல. இது ஆவிக்குரிய போராட்டம். சத்துரு நம்ம குழுவுக்குள்ளயே கைவைக்கப் பார்க்கிறான். விடாம ஜெபிக்கணும்."

தையல்காரி மூச்சை இழுத்துக்கொண்ட சத்தம் கேட்டது. "ஐயோ, அந்தப் பொண்ணா..."

"பேர் வேண்டாம்னு சொன்னேன்ல?"

"நான் ஒண்ணும் பேர் சொல்லலையே அக்கா" என்றாள் தையல்காரி. ஏழாவதையும் திருப்பிச் சொன்னாள். ஆமென்.

போனை வைத்ததும் மூத்தவளுக்கு லேசாக இருந்தது. பல நாள் கழித்து நன்றாக மூச்சு விட்டாள். நல்ல ஜெபத்துக்குப் பிறகு வரும் சமாதானம் என்று அதற்குப் பெயர் வைத்தாள்.

சமையலறையில் அவள் கணவர் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் குத்தாமல் விடமாட்டார்.

"என்ன, முகம் இவ்வளவு தெளிவா இருக்கு? சாப்பிடாத நாள்ல உன் பக்கத்துலயே யாரும் வரமுடியாதே!"

"உபவாசத்தை வச்சுக் கிண்டல் பண்ணாதீங்க."

"கிண்டல் இல்லம்மா. நாலு மாடி ஏறவேண்டிய லிஃப்ட் ஒரேயடியா ஏழாவது மாடிக்குப் போனா, ஏதோ கோளாறுன்னுதான் எங்க தொழில்ல அர்த்தம்."

அவர் போய்விட்டார். அவளும் கடைக்குக் கிளம்பினாள்.

* * *

கடை சின்னதுதான். முன்பக்கம் ஃப்ரேம்கள் அடுக்கிய கண்ணாடி அலமாரி. பின்பக்கம் கண் பரிசோதிக்கும் இருட்டு அறை. நடுவில் மூத்தவளின் மேஜை: சின்னத் திருப்புளிகள், மூக்குத் தாங்கிகள் போட்ட டப்பா, ஃப்ரேமைச் சூடாக்கி வளைக்கும் கருவி. முதலாளி வாரத்துக்கு இரண்டு நாள் எட்டிப் பார்ப்பதோடு சரி. கண் பார்ப்பது, லென்ஸை வெட்டிப் பொருத்துவது, வருகிறவர்களைச் சமாளிப்பது எல்லாம் அவள்தான்.

மத்தியானம் ஒன்றேகாலுக்குக் கதவு திறந்தது. சின்னவள்.

தெருமுனைப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருப்பவள் அவள். சாப்பாட்டு இடைவேளை. முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது, கண்ணுக்குக் கீழே களைப்பும் இருந்தது. மூத்தவளுக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? களைத்திருந்தால்கூட இவளுக்கு முகம் அழகாகத்தான் இருக்கிறது என்பதுதான்.

"அக்கா, உங்ககிட்ட மட்டும் சொல்லிட்டுப் போகணும்னு வந்தேன். இன்னைக்கு அவர் வர்றார். ஆறேகால் பஸ். இன்னைக்கு நானே சொல்லிடப்போறேன்."

"என்னத்தை?"

"அதைத்தான்கா. நீங்கதானே அன்னைக்கு மாடியில சொன்னீங்க, துக்கத்தைத் தனியா சுமக்காதே, அவர் காதுக்கு உன் வாயாலதான் போகணும்னு. மூணு வாரமா அதே வார்த்தைதான் ஓடிட்டு இருக்கு. அதுக்குக் கீழ்ப்படிஞ்சிடலாம்னு முடிவு பண்ணிட்டேன். பொறுப்பு விஷயத்தையும் போதகரம்மாகிட்ட ஞாயித்துக்கிழமை பேசணும். எனக்கு உள்ளுக்குள்ள ஒண்ணுமே இல்லாம நான் எப்படிக்கா முன்னாடி நிப்பேன்? நீங்க எனக்காகக் கொஞ்சம் ஜெபிச்சுக்கோங்க."

மூத்தவள் மேஜையில் இருந்த திருப்புளிகளை வரிசையாக அடுக்கினாள். "சரிம்மா" என்றாள்.

சின்னவள் கதவு வரை போய்த் திரும்பினாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். நம்ம ரிட்டயர்டு டீச்சர் இருக்காங்கள்ல, காலையில எங்க ஆஸ்பத்திரியில பல் பிடுங்கிக்கிட்டாங்க. வாய் நிறையப் பஞ்சு! பேச முடியாம சீட்டுல எழுதிக் காட்டினாங்க, 'என் கடைசி மணி நேரத்தை நீ எடுத்துக்கோ'ன்னு. எடுத்துக்கிட்டேன்கா. அஞ்சுலேர்ந்து ஆறு. எனக்கு முந்தி ஜெபிக்கிறவங்ககிட்டயும் காலையிலேயே சொல்லியாச்சு. ஜெபிச்சு முடிச்ச கையோட அவர் வந்துடுவார். அப்படியே சொல்லிடலாம்."

கதவு மூடிக்கொண்டது.

ஐந்து மணிக்குச் சின்னவளின் போன் அடிக்கும். ஏழு குறிப்புகள் வரும். ஏழையும் அவள் வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். விதி அப்படி. ஒன்றும் விடுபடாது.

உடனே என்ன செய்தாள் என்று கேட்கிறீர்களா? உண்மையைச் சொல்ல ஓடினாளா? ஓடவில்லை. தப்பிக்க வழி தேடினாள். நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

பதினோராவது ஆள் பேக்கரிக்கார அம்மா. நாலிலிருந்து ஐந்து வரை அவர் நேரம். அவர்தான் ஐந்து மணிக்குச் சின்னவளைக் கூப்பிடுவார். அவரிடம், "அந்த ஏழாவது குறிப்பு நிறைவேறிடுச்சு, அதை விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டால் போதும். சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். விடியற்காலை அடுப்பு மூட்டுகிறவர் என்பதால் மத்தியானம் போனை அணைத்துவிட்டுத் தூங்குவார். மூன்றரைக்கு எழுவார். மூன்றரைக்கும் நாலுக்கும் நடுவில் பிடித்துவிட வேண்டும்.

மூன்று முப்பத்தைந்துக்குக் கூப்பிட்டாள். இன்னும் அணைத்தே இருந்தது. மூன்று நாற்பதுக்கு மறுபடி போனை எடுத்தபோது கதவு படாரென்று திறந்தது.

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர். போன திங்கட்கிழமை புதுக் கண்ணாடி வாங்கிப்போனவர். புதன்கிழமை வந்து, ரோடு ஒரு பக்கமாக ஏறுகிறது என்று புகார் சொன்னவர். 'புதுசுல அப்படித்தான் இருக்கும், பழகிடும்' என்று அன்று அவரைத் திருப்பி அனுப்பியிருந்தாள்.

"பழகலம்மா!" என்று கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "காலையில ஒரு பொண்ணுக்கு வண்டியை நேரா நிறுத்தச் சொல்லிக் கொடுத்தேன். நேராத்தான் சார் நிக்குதுன்னு அவ அழறா. எனக்குக் கோணலாத் தெரியுது. யாருக்குக் கண்ணு சரியில்லன்னு எங்களுக்குள்ள சண்டையே வந்துடுச்சு."

"உங்க கண்ணுக்கு இன்னும் ரெண்டு நாள்..."

"ஒரு தடவை பாத்துடுங்க. உங்களைக் கும்பிடறேன்."

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அவள் கண்ணாடியை எடுத்து, லென்ஸின் பவரைப் பார்க்கும் கருவியில் வைத்தாள். வலது கண்ணுக்கு வெட்டிய லென்ஸ் இடது பக்கம் இருந்தது. இடது கண்ணுக்கு வெட்டியது வலது பக்கம். இருபது வருஷத்தில் அவள் கையில் இப்படி ஒரு தப்பு நடந்ததே இல்லை. திங்கட்கிழமை, அந்தச் சிரிப்புக்கு மறுநாள், இதே மேஜையில் உட்கார்ந்து சின்னவளையே நினைத்துக்கொண்டு இதைப் பொருத்தினாள்.

"தப்பு என்னுதுதான் சார்" என்றாள். "ரெண்டு லென்ஸும் மாறிப்போச்சு. புதுசாத்தான் வெட்டணும். நாளைக்குத் தந்துடறேன்."

அவர் கோபப்படவில்லை. பெருமூச்சு விட்டார். "நல்லவேளை. நாலு நாளா என் கண்ணைத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன்" என்றார்.

ஆர்டர் எழுதி, பழைய கண்ணாடியை அவருக்குத் துடைத்துக்கொடுத்து அனுப்பியபோது மணி நாலு ஐந்து. பேக்கரிக்கார அம்மா முழங்காலில் இருப்பார். போன் எங்கோ ஒரு டிராயருக்குள் இருக்கும்.

இருட்டு அறைக்குள் போய் மூத்தவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"ஆண்டவரே, மூணு நாள் உபவாசம் இருக்கிறேன்" என்று ஆரம்பித்தாள். பதில் இல்லை. "ஏழு நாள்" என்றாள். "அந்தப் பொறுப்பையே நினைக்க மாட்டேன். காலத்துக்கும் நாற்காலி போடறேன்." பேரம் ஏறிக்கொண்டே போனது. போன வாரம் போதகரம்மா பேசியது நினைவுக்கு வந்தது. போராட்டம் மனுஷர்களோடு இல்லை என்று ஆரம்பித்தவர், நடுவில் நிறுத்திவிட்டு, "நாற்பது நாள் பட்டினி கிடக்கச் சொல்லுங்க, நம்ம பொம்பளைங்க கிடப்பாங்க. எழுந்து போய் அவகிட்ட மன்னிப்புக் கேளுன்னு சொல்லிப் பாருங்க, அப்பத்தான் முழங்கால் வலிக்கும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மூத்தவள்தான் பலமாகச் சிரித்தாள். வேறு யாருக்கோ சொல்கிறார் என்று நினைத்துத்தான் அப்படிச் சிரித்தாள்.

சத்துரு குழுவுக்குள் கைவைக்கப் பார்க்கிறான் என்று காலையில் சொன்னாளே, அது பொய்யில்லை. எந்தக் கதவு வழியாக வந்தான் என்பதைத்தான் அவள் சொல்லவில்லை.

நாலரைக்குக் கடையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

* * *

வழியெல்லாம் ஒரு வாக்கியம் தயாராகிக்கொண்டே வந்தது. 'உன் நல்லதுக்குத்தான்மா சொன்னேன். பாரம் தாங்கல, அதான் ஜெபத்துக்குக் கொடுத்தேன்.' நல்ல வாக்கியம். சின்னவள் நம்புவாள். நம்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றிகூடச் சொல்வாள். அதை நினைத்தபோதுதான் மூத்தவளுக்குத் தன்மேலேயே பயம் வந்தது.

மாடிக்கு ஏறும்போது மணி நாலு ஐம்பத்தைந்து. கதவு திறந்திருந்தது. கூடம் பெருக்கித் துடைத்திருந்தது. மேஜையில் இரண்டு தேநீர்க் கோப்பைகள் கவிழ்த்து வைத்திருந்தன. சின்னவள் நல்ல உடை உடுத்தி, தரையில் பாய் விரித்து, முன்னால் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா? அதுக்குள்ள கடையை மூடிட்டீங்களா? உடம்பு சரியில்லையா?"

"போன் வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்."

"உட்காருங்க முதல்ல. மூச்சு வாங்குது பாருங்க."

மூத்தவள் உட்காரவில்லை. தயாராக இருந்த வாக்கியம் வாய் வரை வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, "மாடியில நீ என்கிட்ட சொன்னதை நான் இன்னைக்குச் சங்கிலியில குறிப்பாக் கொடுத்துட்டேன்" என்றாள். "பேர் சொல்லல. ஆனா யாருன்னு எல்லாருக்கும் தெரியும். தெரியணும்னுதான் கொடுத்தேன்."

சின்னவள் அவளையே பார்த்தாள். முகத்தில் இன்னும் கோபம் வரவில்லை. புரியாமல் பார்த்தாள். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"ஏன்கா?"

"பொறாமை" என்றாள் மூத்தவள். "உன்மேல எனக்குப் பொறாமை. உன்னைப் பொறுப்புக்குக் கூப்பிட்ட அன்னைக்கு மட்டும் இல்ல, நீ இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்தே. அதுக்கு ஜெபம்னு பேர் வச்சுக்கிட்டேன்."

போன் அடித்தது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். மூன்றாவது மணியில் சின்னவள் எடுத்தாள். பேக்கரிக்கார அம்மாவின் குரல் கூடத்துக்கே கேட்டது. எழுதி வைத்ததை எழுதியபடி வாசிக்கிறவர் அவர். யாரைப் பற்றி வாசிக்கிறோம், யாரிடம் வாசிக்கிறோம் என்று யோசிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

சின்னவள் விதிப்படி ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். சபைக் கட்டடத்துக்காக. அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவருக்காக. பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக. நான்கு, ஐந்து, ஆறு. அவள் கண் மூத்தவளை விட்டு அகலவில்லை.

"ஏழாவது" என்றாள். "நம்ம குழுவுல ஒரு சகோதரி. புருஷனுக்குத் தெரியாம..."

நிறுத்தினாள். மறுமுனையில் பேக்கரிக்கார அம்மா, "கேக்குதாம்மா? மறுபடி வாசிக்கவா?" என்றார்.

"கேக்குதும்மா." சின்னவள் மறுபடி ஆரம்பித்தாள். "ஒரு சகோதரி. புருஷனுக்குத் தெரியாம குழந்தையைக் கலைச்சிட்டு, அந்தப் பாவத்தை மறைச்சுக்கிட்டு, பொறுப்புக்கு ஆசைப்படறாங்க. அவங்க மனந்திரும்பணும். ஆமென்."

போனைப் பாயில் வைத்தாள்.

மூத்தவள் ஓரடி முன்னால் வந்தாள். "ஐயோ, நான் அப்படிச் சொல்லலம்மா! தங்கலன்னுதான் சொன்னேன். சத்தியமா அப்படிச் சொல்லல!"

"தெரியும்கா. நீங்க அவ்வளவு சொல்லியிருக்க மாட்டீங்க." சின்னவள் அழவில்லை. "நீங்க கொஞ்சம்தான் கொடுத்தீங்க. மிச்சத்தை அவங்கவங்க போட்டுக்கிட்டாங்க."

கவிழ்த்து வைத்த கோப்பைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு நான் அவர்கிட்ட என் துக்கத்தைச் சொல்ல இருந்தேன். அழலாம்னு இருந்தேன். அவரும் அழுவார்னு நினைச்சேன். இனிமே நான் என்ன சொன்னாலும் அது பதிலாத்தான் இருக்கும்."

மன்னிச்சிடு என்ற வார்த்தை அந்தக் கூடத்தில் ரொம்பச் சின்னதாக இருக்கும் என்று மூத்தவளுக்குத் தோன்றியது. ஆனாலும் சொன்னாள்.

கீழே ஒரு வண்டி வந்து நின்றது. அதன் கதவு நகர்ந்து திறக்கும் சத்தம் கேட்டது.

மூத்தவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். வெள்ளை வேன். பாலம் கட்டும் இடத்து வேன். அவள் கையாலேயே எழுதிய பட்டியல் அப்போதுதான் அவள் கண்முன் வந்தது. ஐந்தாவது ஆள், பத்திலிருந்து பதினொன்று, வேன் ஓட்டுகிறவரின் மனைவி.

ஆறேகால் பஸ்ஸுக்குக் காத்திராமல், ஐந்து பத்துக்கே வந்து இறங்கியிருந்தான் கொழுந்தன். வேன்காரர் அவனிடம் ஏதோ சொல்ல வந்தார். அவன் திரும்பிப் பார்க்காமல் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தள்ளினான்.

அவ்வளவு அவசரமாக ஓடிவர இவளுக்கு ஒருவன் இருக்கிறானே என்று அந்த நேரத்திலும் மூத்தவளுக்குள் ஏதோ ஒன்று முனகியது. வெட்கத்தில் அவள் உடம்பு கூசியது.

சின்னவள் எழுந்திருக்கப் போனாள்.

"நீ இரு" என்றாள் மூத்தவள். "இது உன் மணி நேரம். நான் போறேன்."

படிக்கட்டில் பாதியில் அவன் எதிரே வந்தான். முகத்தில் தூசி. கண் சிவந்திருந்தது. எப்போதும் "என்ன அண்ணி, இளைச்சுட்டீங்க" என்று கிண்டலோடு ஏறிவருகிறவன், இன்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணி, வேன்ல ஒரு பேச்சு வந்தது. அவ மேல இருக்காளா?"

"இருக்கா."

"வழி விடுங்க."

அவள் வழி விடவில்லை. இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.

"தம்பி, அந்தப் பேச்சு என் வாயிலேர்ந்துதான் கிளம்பிச்சு. நீங்க கேட்டது நான் சொன்னதும் இல்ல, நடந்ததும் இல்ல. நடந்தது என்னன்னு அவதான் உங்ககிட்ட சொல்லணும், அது அவளோடது. நான் ஏன் பேசினேன்னு மட்டும் கேட்டுட்டு மேல போங்க. கேக்காம போனீங்கன்னா அவமேல இருக்கிற கோபத்தோட போவீங்க. அது என்மேல இருக்கவேண்டிய கோபம்."

அவன் அண்ணியின் முகத்தைப் பார்த்தான். பை அவன் கையிலிருந்து மெதுவாகப் படியில் இறங்கியது.

"சொல்லுங்க" என்றான்.

மூத்தவள் சொல்ல ஆரம்பித்தாள். பொறாமை. இன்று இரண்டாவது தடவை அந்த வார்த்தை. முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் காது மாடியில்தான் இருந்தது. எந்தக் குரலைக் கேட்டு மூன்று வருஷமாக வெந்துபோனாளோ, அந்தக் குரல் இப்போது ஜெபிக்க ஆரம்பிக்காதா என்று காத்திருந்தாள்.

குரல் வரவில்லை. காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. அது கதவு வரை வந்து நின்றது. பிறகு, உள்ளிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.